ஆறாத கட்டு

முதலாளிக்குப் புருவம் இல்லை.

காலை வரை இருந்தது. இரண்டும் நல்ல அடர்த்தி. இப்போது அந்த இடத்தில் களிம்பு தடவிய சிவப்புத் தோல்தான் பளபளத்தது. அதனால் அவர் கோபமாக இருக்கிறாரா, ஆச்சரியப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. குரலை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டியிருந்தது. குரல் கோபமாகத்தான் இருந்தது.

"குண்டு வச்சிருக்கான் மேடம்! என் சொந்த லாண்டரியில, என் சொந்தக் கதவுக்குப் பின்னாடி, என் சொந்த மச்சான்!"

"எல்லாமே சொந்தம்தான்," என்றான் ரேடியோ. "வெளியாளே தேவைப்படல."

மேடம் திரும்பிப் பார்த்தார். ரேடியோ சத்தத்தைக் குறைத்துக்கொண்டான். அவனை அணைக்க முடியாது, குறைக்கத்தான் முடியும் என்பதால் வந்த பெயர் அது. அவன் துப்பறியும் மேடத்திடம் உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் குறைக்கிற வேலையை அவர் கண்ணாலேயே செய்துவந்தார்.

லாண்டரி முழுக்க நீராவி. சலவை இயந்திரங்கள் வரிசையாகக் குலுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் குற்றவாளி உட்கார்ந்திருந்தான். ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளிக்கு மச்சான் என்பதால் இஸ்திரி போடும் பெண்கள் வரை எல்லோருக்குமே அவன் மச்சான்தான்.

"நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

"துண்டுக் கட்டு வைக்கிற அறைக்கு ஒரே சாவி. அது இவன் இடுப்புல தொங்குது. நேத்து சாயங்காலம் பூட்டினதும் இவன். காலையில பார்த்தா கதவுக்கு அடியில புகை. சாவியைப் பிடுங்கித் திறந்தேன். டமார்! நாலடி தள்ளிப் போய் விழுந்தேன்."

"மின்கசிவா இருக்கலாமே?"

"போன வாரம் அப்படித்தான் நினைச்சேன். இதே அறையில சின்னதா ஒரு தீ. ஒயரையே பிடுங்கி எறிஞ்சிட்டேன். இப்போ உள்ள ஒரு விளக்குகூடக் கிடையாது. ஜன்னலும் கிடையாது. ஆள் வைக்காம தீ எப்படி வரும்?"

நியாயமான கேள்வி. ரேடியோவுக்கே சிரிப்பு வரவில்லை.

"மசாஜ் நிலையத்துக்கு லோடு ஏத்தியாச்சு. அதைக் கொடுத்துட்டு வண்டி நேரா போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டரைக் காலையிலேயே நேர்ல பார்த்துச் சொல்லி வச்சிட்டேன். இவனை ஒப்படைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

"அவன் போனா நானும் போறேன்," என்று இஸ்திரி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முதலாளியின் மனைவி. மேடத்துக்குப் போன் போட்டவர் அவர்தான். "ஸ்டேஷனுக்கு இல்ல. மொத்தமா."

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது. புருவம் இல்லாத முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பயமாக இருக்கலாம்.

"மேடம்," என்றார் அக்கா. முதலாளியின் மனைவியை லாண்டரியில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "எங்க அப்பா அம்மா போன பிறகு இவனை நான்தான் வளர்த்தேன். கொசுவைக்கூட அடிக்க மாட்டான், விரட்டிவிடுவான். வண்டி ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

"அறையைக் காட்டுங்க," என்றார் மேடம்.

அறை ஈரமாக, கறுப்பாக, நாற்றமாக இருந்தது. வேலைக்காரர்கள் குழாயைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சி அணைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் இரும்புத் தட்டுகள். அவற்றில் பாதி எரிந்த துண்டுக் கட்டுகள்.

"தீங்கிறது முக்காலி மாதிரி," என்றார் மேடம் கையுறையை மாட்டிக்கொண்டே. "எரியுற பொருள் ஒரு கால். காத்து ஒரு கால். சூடு ஒரு கால். ஒண்ணு இல்லன்னாலும் விழுந்துடும். இங்க துண்டு இருக்கு. காத்து இருக்கு. பூட்டின அறைக்குள்ள மூணாவது கால் எப்படி நடந்து வந்துச்சு?"

"சாவி வச்சிருக்கிறவனோட காலைப் பாருங்க," என்றார் முதலாளி.

மேடம் காலைப் பார்க்கவில்லை. அறையின் கோடியில், சுவரோரம் நனைந்து கிடந்த ஒரு தொப்பியைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது! பார்த்தீங்களா, தொப்பியைக்கூட எடுத்து வச்சு எரிச்சிருக்கான் படுபாவி!"

"கதவைத் திறக்கும்போது அது உங்க தலையிலதானே இருந்துச்சு?" என்றார் அக்கா.

முதலாளி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இருந்துச்சு."

"குண்டு வெடிச்சிருந்தா தொப்பி வாசல் பக்கம் பறந்திருக்கணும்," என்றார் மேடம். "இது உள்ள போயிருக்கு. அப்படின்னா முதல்ல காத்து உள்ள பாய்ஞ்சிருக்கு, அப்புறம்தான் தீ வெளிய பாய்ஞ்சிருக்கு. மூடின அறையில தீ இருந்த காத்தையெல்லாம் தின்னு தீர்த்துட்டு மயங்கிக் கிடந்துச்சு. அறை முழுக்கச் சூடான புகை. அந்தப் புகையே எரியக்கூடியது, காத்து இல்லாததால எரியாம நின்னுச்சு. நீங்க கதவைத் திறந்து ஒரு வாய் காத்து கொடுத்தீங்க."

"அப்போ குண்டு?"

"இந்த அறைதான் குண்டு. திரி நீங்க."

ரேடியோ கைதட்டப் போனான். மேடத்தின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

முதலாளி சுலபத்தில் அசைகிற ஆள் இல்லை. "சரி. வெடிக்க வச்சது நானே இருக்கட்டும். முதல்ல தீ வச்சது யாரு?"

மேடம் அக்காவிடம் ஒரு கத்தி வாங்கினார். மேல்தட்டிலிருந்து ஓட்டல் துண்டுக் கட்டு ஒன்றை எடுத்து நடுவில் அறுத்தார். வெளியே கரி. உள்ளே போகப் போகப் பழுப்பு. நட்டநடுவில் வெள்ளை வெளேர்.

நடுத்தட்டிலிருந்து இன்னொரு கட்டு. வெளிப்புறம் லேசாகப் பழுப்பேறி, ஏறக்குறைய முழுசாக இருந்தது. மேடம் கத்தியை இறக்கினார். உள்ளே கன்னங்கரேல் என்று கரி. தொட்டதும் உதிர்ந்தது.

"வெளிய வேகல, உள்ள கருகிடுச்சு," என்றான் ரேடியோ. "எங்க பெரியம்மா சுடுற கேக்கு மாதிரியே."

அவன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது மேடம் உதட்டில் விரல் வைத்தார். அந்தச் சைகை அவனுக்கு மட்டும். அவர் அப்படி விரல் வைத்தால் கையில் ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம். ரேடியோவுக்கு முதுகு சிலிர்த்தது. சிலிர்த்ததும் வலித்தது. போன கேஸில் மதில் ஏறி விழுந்த முதுகு.

அப்படித் தலைகீழாக எரிந்திருந்த கட்டுகள் எல்லாவற்றிலும் துண்டின் மூலையில் பச்சை நூலால் ஓர் இலை பின்னியிருந்தது.

"இது யாரோட துண்டு?"

"மசாஜ் நிலையத்தோடது," என்றான் மச்சான். அவன் அன்று பேசிய முதல் வார்த்தைகள் அவை. "போன வாரம் எரிஞ்சதும் அவங்களோடதுதான் மேடம்."

"அவங்களைப் பார்க்கணும்."

"அங்கதானே போறோம்," என்றார் முதலாளி. "வண்டியில ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க. இவன் ஓடிடக்கூடாது."

வேனின் பக்கவாட்டில் ஆளுயர எழுத்துகள்: டிரையரிலிருந்து நேராக உங்கள் கைக்கு! சுடச்சுட!

மச்சான் தப்பித்துவிடாமல் இருக்க முதலாளி ஓர் ஏற்பாடு செய்தார். கட்டுக் கட்டும் நாடாவால் அவனுடைய வலது மணிக்கட்டைத் தன் இடது மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நல்ல ஏற்பாடுதான். கியர் மாற்ற இடது கை வேண்டும் என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு தடவையும் மச்சானின் கையும் கூடவே போய் கியரைப் போட்டுவிட்டு வந்தது. தன்னைப் போலீஸில் ஒப்படைக்கப் போகிற வண்டிக்கு அவனே கியர் போட்டுக் கொடுத்தான்.

முன்னால் அவர்கள் இருவர், ஜன்னலோரம் மேடம். பின்னால், துண்டுக் கட்டுகளுக்கு நடுவே அக்காவும் ரேடியோவும். நடுவில் கையகல ஜன்னல் ஒன்று.

ரேடியோ ஒரு பெரிய கட்டின் மேல் உட்கார்ந்து இன்னொன்றில் சாய்ந்தான். அப்போதுதான் டிரையரிலிருந்து வந்த துண்டுகள். பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டப்பட்டு, தூங்குகிற குழந்தையைப் போல வெதுவெதுப்பாக இருந்தன.

"அக்கா," என்றான் கண்ணை மூடிக்கொண்டு, "டாக்டருக்குப் படிச்சவங்க எல்லாம் சும்மா. உங்க வீட்டுக்காரர்தான் முதுகு வைத்தியர்."

அக்கா சிரிக்கவில்லை. கையகல ஜன்னல் வழியே தம்பியின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்னலில் வண்டி நின்றது.

"மாமா," என்றான் மச்சான். "எதுக்கு வீணா அலையுறீங்க? நான்தான் தீ வச்சேன்."

முதலாளி இருக்கையிலேயே துள்ளினார். "கேட்டீங்களா மேடம்? கேட்டீங்களா?"

"பொய்!" அக்கா ஜன்னலில் முகத்தைச் செருகினார். "அவன் இல்ல. நான்தான் வச்சேன்!"

முதலாளி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். விளக்கு பச்சையாகி வண்டிகள் ஹாரன் அடித்தன.

"இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்றான் ரேடியோ. "வரிசையில வந்தா நல்லது."

"நல்லதாப் போச்சு," என்றார் மேடம் நிதானமாக. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்துல சொல்லுங்க. தீயை எங்க வச்சீங்க? ஒண்ணு, ரெண்டு..."

"கதவோரம், கீழ்த்தட்டுல!"

"மேல்தட்டுல, ஓட்டல் துண்டுல!"

"அட, பேசி வச்சுக்கவாவது கூடாதா?" என்றான் ரேடியோ. அவனுக்கே வருத்தமாகிவிட்டது.

மேடம் சிரித்தார். "வெளியிலேர்ந்து பத்த வச்சா வெளிப்பக்கம்தான் முதல்ல கருகும். ஓட்டல் கட்டு அப்படித்தான் எரிஞ்சிருக்கு. அது பக்கத்துலேர்ந்து பிடிச்ச தீ. ஆனா நடுத்தட்டுல இருந்த கட்டு வயித்துக்குள்ளேர்ந்து எரிஞ்சிருக்கு. இறுக்கிக் கட்டின கட்டோட நட்டநடுவுல யார் போய்த் தீக்குச்சி உரச முடியும்? நிஜமாவே வச்சவங்களா இருந்தா இது தெரிஞ்சிருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் தெரியல."

முதலாளி ஒரு வழியாக வண்டியைக் கிளப்பினார்.

"எதுக்குடி பொய் சொன்னே?" என்றார் முதலாளி.

"நேத்து எல்லாரும் பார்க்க அவனை மாடு, கழுதைன்னு திட்டினீங்க. ஏதோ ரோஷத்துல பண்ணிட்டானோன்னு..."

"அக்கா! நான் தீ வைப்பேன்னு நினைச்சியா?"

"நீ மட்டும் என்னவாம்? நீ எதுக்கு ஒத்துக்கிட்டே?"

"நீதான் மாமாகூடச் சண்டை போடும்போதெல்லாம் இந்த லாண்டரியை ஒரு நாள் கொளுத்திடுறேன்னு கத்துவே!"

"அது வாய்ப்பேச்சுடா! நான் கொளுத்துவேன்னு நம்பிட்டியா? பால் கொடுத்து வளர்த்ததுக்கு..."

"புட்டிப்பால்," என்றான் மச்சான்.

இருவரும் ஒருவருக்காக ஒருவர் ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்தவர்கள். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்தார்கள். முதலாளி மச்சானின் கையோடு சேர்த்து மூன்றாவது கியரைப் போட்டார்.

"ரெண்டு பேரும் இல்லன்னா வேற ஆளைக் காட்டுங்க. காட்டுறவரைக்கும் சாவி இவன்கிட்டதான் இருந்துச்சு. வண்டி ஸ்டேஷனுக்குத்தான் போகும்."

மசாஜ் நிலையத்தின் வாசலுக்கு நேராக வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பின்கதவைத் திறந்ததும் அக்கா இறங்கினார். ரேடியோ இறங்கவில்லை. வாசலில் நடக்கிற பேச்சு கட்டின் மேல் இருந்தபடியே தெளிவாகக் கேட்டது. பிறகு எதற்கு இறங்க வேண்டும்?

நிலையத்தின் மேலாளர் உருண்டு திரண்ட கைகள் கொண்ட ஒரு பெண்மணி. முதலாளியைப் பார்த்ததும், "என்ன சார், முகம் புதுசா இருக்கு?" என்றார்.

"துண்டைப் பத்திக் கேக்கணும்," என்றார் மேடம். "சமீபத்துல எதாவது மாறியிருக்கா?"

"மாறியிருக்கே! முன்னாடியெல்லாம் ஜில்லுனு வரும். இப்போ கொஞ்ச நாளா வெதுவெதுன்னு வருது. வர்றவங்க எல்லாம் மயங்கிப் போறாங்க. முதுகுல போட்டா எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க."

"நிஜம்தான்," என்றான் ரேடியோ உள்ளேயிருந்து.

முதலாளியின் நெஞ்சு விரிந்தது. "என் யோசனை மேடம். முன்ன டிரையர்லேர்ந்து எடுத்து மேசையில பரப்பி வச்சு, சூடெல்லாம் போன பிறகுதான் மடிப்பாங்க. நேரமும் வீண், சூடும் வீண். நான்தான் சொன்னேன்: எடு, மடி, அழுத்திக் கட்டு, உறையைப் போடு. உள்ள இருக்கிற சூடு ஒரு பொட்டுகூட வெளிய போகக்கூடாது. ஊர்ல வேற எந்த லாண்டரியிலயும் இது கிடையாது."

மேடம் வாசல் அலமாரியிலிருந்து துவைத்த பழைய துண்டு ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"துவைச்சதுதானே? இன்னும் எண்ணெய் வாசனை வருதே."

"அது போகாதும்மா," என்றார் மேலாளர். "ஆளிவிதை எண்ணெய் கலக்குறோம், மூட்டு வலிக்கு. நூலுக்குள்ள இறங்கிட்டா என்ன சோப்பு போட்டாலும் கொஞ்சம் தங்கிடும்."

மேடத்தின் கையிலிருந்து துண்டு நழுவியது.

"ரேடியோ."

"மேடம்?"

"அந்தக் கட்டு எப்படி இருக்கு?"

"சொர்க்கம் மேடம்."

"ஏறும்போது இருந்த மாதிரியே இருக்கா?"

"அதைவிட நல்லா இருக்கு. ஏறும்போது வெதுவெதுப்புதான். இப்போ நல்லா..."

ரேடியோ நிறுத்தினான். டீயை வைத்தால் ஆறுகிறது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தால் ஆறுகிறது. சண்டை போட்ட பெண்டாட்டிகூட, நேரம் கொடுத்தால் ஆறிவிடுகிறாள் என்று கல்யாணமானவர்கள் சொல்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய எந்தப் பொருள் நேரம் போகப் போகச் சூடு ஏறும்?

அவனுடைய உட்காரும் பாகம் மூளையைவிட முன்னதாகப் புரிந்துகொண்டது. வேனிலிருந்து அவன் வந்தது குதித்தா பறந்தா என்பதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை மேலே போனது.

மேடமும் அக்காவும் அதை இழுத்து மண் தரையில் உருட்டினார்கள். "யாரும் அவிழ்க்காதீங்க!" என்று மேடம் கத்தினார். "தண்ணி கொண்டுவாங்க முதல்ல!"

ஆனால் முதலாளிக்குத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தன் சரக்கு, தன் யோசனை, தன் பெயர். வேனில் கிடந்த கத்தியை எடுத்து, மச்சானையும் கூடவே இழுத்துக்கொண்டு போய் நாடாவை அறுத்தார். கட்டு வாய் பிளந்தது. உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்த ஒன்று காற்றைக் கண்டதும் குப்பென்று எழுந்தது.

மச்சான் கட்டுண்ட கையால் அவரைப் பின்னுக்கு இழுத்தான். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். மேலாளர் வாளித் தண்ணீரை வீசினார்.

புகை கலைந்தது. முதலாளியின் மீசையில் இடது பாதி இல்லை.

"இப்போ பார்த்துட்டீங்களா?" என்றார் மேடம். "ஆளிவிதை எண்ணெய் காத்தோட சேரும்போது கொஞ்சம் கொஞ்சமா சூட்டைக் கக்கும். துண்டை விரிச்சுப் போட்டா அந்தச் சூடு பறந்துடும், ஒண்ணும் ஆகாது. நீங்க ஏற்கனவே கொதிக்கிற துணியை அழுத்திக் கட்டி, உறையும் போட்டு, சூடு வெளிய போக வழியில்லாம பண்ணிட்டீங்க. வெளிய போகாத சூடு உள்ளயே வளருது. பூட்டின அறைக்குள்ள யாரும் தீயைக் கொண்டுபோகல. மடிச்சு, கட்டி, நீங்களே தட்டுல அடுக்கியிருக்கீங்க."

அக்கா கத்தியை எடுத்து இருவர் மணிக்கட்டுக்கும் நடுவில் இருந்த நாடாவை அறுத்தார். அவர் எதுவும் சொல்லாதது முதலாளியைத் தீயைவிட அதிகமாகச் சுட்டது போலிருந்தது.

"மத்த கட்டையெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய எடுத்துத் தண்ணியை ஊத்துங்க," என்று மேடம் மேலாளரிடம் சொன்னார். "நனைஞ்ச பிறகு அவிழ்த்துப் பரப்புங்க. காலையில டிரையர்லேர்ந்து வந்த கட்டு எல்லாம் இந்த வண்டியிலதானே இருக்கு சார்?"

முதலாளி வேனை எட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

"சார்?"

"ஒண்ணு இல்ல," என்றார் முதலாளி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எங்க?"

"வெறுங்கையோட போகக்கூடாதேன்னு... காலையில... நல்ல வெதுவெதுப்பான கட்டா ஒண்ணு பார்த்து..."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"இன்ஸ்பெக்டருக்கு."

"எங்க துண்டையா?" என்றார் மேலாளர்.

அதற்குள் எல்லோரும் வேனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற கட்டுகளை எல்லோருமாக மேலாளரின் வாசலில் உருட்டித் தள்ளினார்கள். முதலாளியின் கண் புகையில் கலங்கி நீர் கொட்டியது. சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. மச்சான் அவரை நகர்த்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். சாதுவான பையன் என்று அக்கா சொன்னதை ரேடியோ முதல் திருப்பத்திலேயே நம்ப மறுத்தான். இரண்டாவது திருப்பத்தில் காலி வேனுக்குள் அவன் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய் வந்தான்.

"போன் பண்ணுங்களேன்!" என்று அக்கா கத்தினார்.

"பண்ணிட்டேன்க்கா," என்றான் ரேடியோ, மூலையில் கிடந்தபடியே. "ஸ்டேஷன்ல தீப்பிடிக்கப் போகுதுன்னு சொன்னேன். யாருடா மிரட்டுறதுன்னு கேட்டுட்டு போனை வச்சிட்டாங்க."

"தம்பி," என்றார் மேடம் மச்சானிடம், "போன உடனே உள்ள ஓடி எடுத்துட்டு வெளிய வந்துடு. எக்காரணம் கொண்டும் அவிழ்க்காதே."

"சரி மேடம்."

"கையைச் சுடும்," என்றார் முதலாளி மெல்ல.

"பரவால்ல மாமா."

தன்னை ஒப்படைக்க வேண்டிய வாசலில் மச்சான் தானே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. உள்ளே ஓடினான். பின்னால் ரேடியோ, அவன் பின்னால் மற்றவர்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து அரைக்கண் மூடியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவே இலை பின்னிய துண்டுக் கட்டு. கழுத்துக்குப் பின்னால் மெல்லியதாக ஒரு புகை, அவருடைய தலை யோசிப்பது போல மேலே போய்க்கொண்டிருந்தது.

மச்சான் கட்டைப் பிடித்து இழுத்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"ஏய்! புடிங்கடா அவனை!"

மச்சான் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். உறை உருகிக் கையில் ஒட்டியது. அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவன் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்கள் பின்னால் ரேடியோ, "அவரை விடுங்க, துண்டைப் புடிங்க, இல்ல, துண்டைப் புடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு. ஜீப் கழுவுகிற தண்ணீர்த் தொட்டி ஒன்று முற்றத்தின் நடுவில் இருந்தது. மச்சான் கட்டை அதற்குள் எறிந்தான்.

தொட்டி புஸ்ஸென்று சீறியது. கரிய தண்ணீர் ஆளுயரம் எழும்பி, துரத்தி வந்த இரண்டு போலீஸ்காரர்களின் மேலும் பாரபட்சம் இல்லாமல் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் வந்துசேர்ந்தார். சட்டையின் முதுகில் இஸ்திரி மறந்து வைத்தது போலப் பழுப்பாக ஒரு கறை. "காலையில நீங்க சொன்ன ஆள் இவன்தானா?" என்றார் முதலாளியிடம். "லாண்டரியில வச்சது பத்தாதுன்னு ஸ்டேஷனுக்கே வந்துட்டானா? சொல்லுங்க, இப்பவே உள்ள தள்ளுறேன்."

மேடம் வாயைத் திறக்கப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். இதற்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

புருவம் இல்லை. மீசையில் பாதி இல்லை. முதலாளியின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"இவன் இல்ல சார்," என்றார். "இவன் உங்க முதுகைக் காப்பாத்தினவன். தீ வச்சவன் நான். கட்டினது, அடுக்கினது, கொண்டுவந்து உங்க மேசையில கொடுத்தது எல்லாம் நான்தான். எழுதிக்கோங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்ன இங்க குழாய் எங்க இருக்கு?"

இன்ஸ்பெக்டர் குழம்பிப்போய்ச் சுவரோரம் கை காட்டினார்.

முதலாளி மச்சானின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். குழாயைத் திறந்தார். சிவந்து கொப்பளித்த உள்ளங்கைகளைத் தண்ணீருக்கு அடியில் நீட்டிப் பிடித்தார். மச்சான் பல்லைக் கடித்தான். அக்கா அவனுக்குப் பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

நேரம் போயிற்று. போலீஸ்காரர்கள் தலையைத் துவட்ட எதையோ தேடினார்கள். துண்டு கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

"போதும் மாமா," என்றான் மச்சான். "எரிச்சல் குறைஞ்சிடுச்சு."

முதலாளி கையை விடவில்லை.

"யோவ், மேல்தொட்டித் தண்ணியெல்லாம் தீரப் போகுது," என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஆறட்டும் சார்," என்றார் முதலாளி. "நல்லா ஆறட்டும்."